சவூதி மணிக்கூடு ஏன் பிந்தியது?

‘வெளிநாட்டுச் சாமான்’ என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் ஒரு காலத்தில் தனி மவுசு இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை வெளிநாட்டுப் பொருட்கள் கடைகளில் அரிதாகவே கிடைத்தன. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, சம்மாந்துறை என்று நம் பகுதியிலிருந்தும் பலர் கடல் கடந்து போனார்கள். அவர்கள் விடுமுறையில் வந்தபோது அத்தர், போர்வை, பேரீச்சம்பழம், கஸட் ரேடியோ என்பவற்றோடு இன்னொரு பொருளும் சில வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதுதான் எண் புரளும் மணிக்கூட்டு ரேடியோ.

இன்றைய பிள்ளைகளில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். செங்கல்லை விடச் சற்று நீளமான பிளாஸ்டிக் பெட்டி. மேற்பகுதிக்கு மரத்தைப் போல் நிறம் தீட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் ரேடியோவின் நிலைய அளவுகோல், மறுபக்கம் கண்ணாடிக்குள் நேரம். முள் கிடையாது. வெள்ளை எழுத்தில் எண்கள் மட்டும் இருக்கும். ஒரு நிமிடம் முடிந்ததும் ‘டக்’ என்று மெல்லிய சத்தத்துடன் ஓர் இதழ் கீழே விழும். 7.14 என்றிருந்தது 7.15 ஆகிவிடும். இரவில் எண்களுக்கு அருகே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். நேஷனல், ஸோனி, ஸான்யோ முதலிய ஜப்பானியப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. நிமிடத்திற்கென்று ஓர் உருளை. அதில் புத்தகத்தின் பக்கங்களைப் போல 60 மெல்லிய இதழ்கள். ஓர் எண்ணின் மேல்பாதி ஓர் இதழிலும் கீழ்ப்பாதி இன்னோர் இதழிலும் அச்சிடப்பட்டிருக்கும். உருளை மெதுவாகச் சுற்றுகிறது. மேலே ஒரு சிறு கொக்கி இதழைப் பிடித்து நிற்கிறது. நேரம் வந்ததும் கொக்கியிலிருந்து இதழ் நழுவிக் கீழே விழ, புதிய எண் முழுமையாகத் தெரிகிறது.

இந்த வகை மணிக்கூட்டை உலகறியச் செய்தவர்கள் இத்தாலியின் ஸொலாரி நிறுவனத்தார். 1725இல் பெஸாரீஸ் என்ற மலைக் கிராமத்தில் தொடங்கிய மணிக்கூட்டுப் பட்டறைதான் பிற்காலத்தில் உதினே நகரில் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. கட்டடக் கலைஞர் ஜீனோ வாலே அவர்களுக்காக வடிவமைத்த ‘சீஃப்ரா 5’ என்ற மணிக்கூடு 1956இல் இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதைப் பெற்றது. விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் சடசடவென்று எழுத்துகள் புரண்டு புறப்படும் நேரத்தைக் காட்டிய பெரிய பலகைகளும் அவர்களுடைய கைவேலைதான். ஜப்பானியர்கள் இதைச் சிறிதாக்கி, ரேடியோவையும் சேர்த்து, சாதாரண மக்கள் வாங்கும் விலைக்குக் கொண்டு வந்தார்கள். 1970களின் இறுதியில் சிவப்பு, பச்சை ஒளி எண்கள் மலிந்ததும் புரளும் எண்களின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. இப்போது வெளிநாடுகளில் அதைத் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள். நம் ஊரிலோ பழைய இரும்பு வாங்குபவரின் சாக்குக்குள் போகிறது.

போகட்டுமே, பழைய சாமான்தானே என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சாமானுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இம்முறை இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

பிந்துவதன் காரணம்

‘சவூதி மணிக்கூடு பிந்தும்’ என்று பெரியவர்கள் சொல்வதைச் சிலர் கேட்டிருப்பீர்கள். குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த அதே ஜப்பானிய மணிக்கூடு நம் ஊரில் சரியாக ஓடும். சவூதியிலிருந்து வந்தது மட்டும் பிந்தும். பழுதான சாமானைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டான் என்று கடைக்காரனை ஏசியவர்களும் உண்டு. உண்மையில் அவன் மீது குற்றமில்லை.

இந்த மணிக்கூட்டுக்குள் இருப்பது மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் மோட்டார். நம் வீட்டு மின்சாரம் ஒரு செக்கனுக்கு 50 தடவை அலைந்து துடிக்கிறது. இதை 50 ஹேர்ட்ஸ் என்பார்கள். குவைத், துபாய், கட்டார் எல்லாம் நம்மைப் போலவே 50தான். சவூதியில் மட்டும் 60. அங்கே விற்ற மணிக்கூடு 60 துடிப்பை ஒரு செக்கன் என்று எண்ணிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதை இங்கே கொண்டுவந்து மாட்டினால் ஒரு செக்கனில் 50 துடிப்புத்தான் கிடைக்கும். ஆகவே ஒரு மணித்தியாலம் கழியும்போது அது 50 நிமிடங்களே நகர்ந்திருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 10 நிமிடம். ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் பிந்தும்!

ஜப்பானியர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அவர்களுடைய நாட்டிலேயே இரண்டு வகை மின்சாரம் ஓடுகிறது. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒஸாகா அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளை வாங்கியதால் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60 என்று நிலைத்துவிட்டது. அதனால் சில மணிக்கூடுகளில் 50, 60 என்று மாற்றிக்கொள்ள ஒரு சிறு விசையோ பற்சக்கரமோ வைத்திருந்தார்கள். அது இருந்த வீட்டுக்காரர்களுக்கு யோகம்.

இது பழங்கதை மட்டுமல்ல. 2018ஆம் ஆண்டு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் மாதத் தொடக்கம் வரை ஐரோப்பாவின் 25 நாடுகளில் மின்சாரத்தை எண்ணி ஓடும் மணிக்கூடுகள் கிட்டத்தட்ட 6 நிமிடம் பிந்திப்போயின. சேர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலிருந்த பிணக்கினால் மின்கட்டமைப்பில் பற்றாக்குறை ஏற்பட்டு, துடிப்பு மிகச் சிறிதளவு குறைந்ததுதான் காரணம். எங்கோ இருவர் பிணங்கினால் இன்னொருவர் வீட்டு அடுப்பின் மணிக்கூடு பிந்துகிறது.

கணக்குத் தெரிந்த மாமி

முதியோர் கொடுப்பனவு சம்பந்தமாக எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தியின் கலியாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்துக் கொண்டிருந்தார்கள். நம் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது என்பதும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்த வீடும் மாமிக்கு அவருடைய உம்மா கொடுத்தது. மாமி மகளுக்குக் கொடுத்தார். இப்போது பேத்தியின் பெயருக்குப் போகிறது.

முற்றத்தில் பழைய சாமான்கள் குவிந்து கிடந்தன. தகரம், உடைந்த கட்டில், அலுமினியச் சட்டி, அவற்றின் மேல் ஒரு மணிக்கூட்டு ரேடியோ. பழைய இரும்பு வாங்குபவர் தராசோடு நின்றார். பிளாஸ்டிக்குக்கு அவர் விலை சொல்லவில்லை. உள்ளேயிருக்கும் செப்புக் கம்பிக்கு ஏதோ தருவதாகச் சொன்னார்.

“அது ஓடாத மணிக்கூடு மாமி, எந்நேரமும் பிந்துமாம்” என்றேன் நான், பேத்தி சொன்னதை வைத்து.

மாமி கதிரையிலிருந்து எழும்பி வந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார். “மகள், நான் படிச்ச பொம்புள இல்ல. ஆனா இந்த மணிக்கூடு பொய் சொல்லுற கணக்கு எனக்குத் தெரியும். இது பழுதில்ல. அங்கத்த கரண்டுக்குச் செஞ்சது” என்றார்.

அவருடைய கணவர் 1980களின் தொடக்கத்தில் சவூதிக்குப் போனவர். முதல் விடுமுறையில் இதைக் கொண்டுவந்தார். அது பிந்துவது தெரிந்ததும் திருத்துவதற்குக் கொடுத்தார்கள். திருத்துபவர் திறந்து பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார். மாற்றுவதற்குப் பற்சக்கரம் கிடைக்காது என்றும் சொன்னார். கணவர் திரும்பவும் விமானம் ஏறினார். மணிக்கூடு மாமியிடம் நின்றது. வீட்டில் நான்கு பிள்ளைகள். வேறு மணிக்கூடு வாங்குகிற நிலையும் இல்லை.

மாமி என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பாங்குக்கும் அதைத் திருத்தினார். ஸுபஹ் 4.45க்குத் திருத்தினால் ளுஹர் 12.15க்குள் ஏழரை மணித்தியாலம் கழிந்திருக்கும்; மணிக்கூடு 75 நிமிடம் பின்னால் நிற்கும். அதை முன்னே தள்ளுவார். அஸருக்கும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் அதேபோல். ஒரு நாளைக்கு ஐந்து தடவை.

நோன்பு காலத்தில்தான் கணக்குக் கடினமாகும். ஸஹருக்கு எழும்ப வேண்டுமே! முன்பெல்லாம் பாவாமார் தெருவில் றபான் தட்டிப் பாடி எழுப்பிக்கொண்டு போவார்கள். போர்க்காலத்தில் ஊரடங்கு இரவுகளில் அவர்களால் வெளிக்கிட முடியவில்லை. அலாரத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இரவு 9.30க்கு மணிக்கூட்டைச் சரிசெய்துவிட்டு அதிகாலை 3.30க்கு எழும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 6 மணித்தியாலம். அதற்குள் இந்த மணிக்கூடு 5 மணித்தியாலம்தான் ஓடியிருக்கும். எனவே மாமி அலாரத்தை 2.30க்கு வைப்பார்! அலாரத்துக்குச் சிறு வளையம் ஒன்றைத் திருப்ப வேண்டும். அதன் கோடுகள் அவ்வளவு நுட்பமானவை அல்ல. ஆகவே இன்னும் பத்து நிமிடம் முந்தியே வைத்துக்கொள்வார். ரேடியோவினால் எழும்புவதா, மணியினால் எழும்புவதா என்று தெரிவுசெய்யவும் ஒரு விசை இருந்தது. நிலையம் ஒலிபரப்பில் இல்லாத நேரத்துக்கு ரேடியோவை வைத்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதையும் அவர் பழகி வைத்திருந்தார்.

பெருக்கலும் வகுத்தலும் பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒரு பெண் ஆறில் ஐந்து என்ற பின்னக் கணக்கைப் பதினொரு வருடம் மனதுக்குள் போட்டு வந்திருக்கிறார். ஒரு நோன்பும் தவறவில்லை. பிள்ளைகள் ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தவில்லை என்று அவர் சொன்னபோது அதில் பெருமை இருந்ததே தவிரக் குறைசொல்லும் தொனி இல்லை.

பேத்தி கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. “உம்மம்மா, இத ஏன் ஒருநாளும் சொல்லல்ல?” என்று கேட்டாள். “ஆரும் கேக்கல்லியே” என்றார் மாமி. தராசுக்காரர் தகரத்தையும் கட்டிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நாடே நேரத்தை மாற்றியபோது

வேறு நாட்டு மின்சாரத்தால் மட்டுமல்ல, நம் நாட்டு முடிவுகளாலும் இந்த மணிக்கூடுகள் பாடுபட்டன. 1996இல் மழையில்லாமல் நீர்மின் நிலையங்கள் வறண்டு மின்வெட்டு நீண்டபோது, அவ்வருடம் மே மாதம் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. பிறகு 2006 ஏப்ரலில் மீதி அரை மணித்தியாலமும் பின்னே வந்து, பழைய நேரமே திரும்பியது. ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்று கேட்டுக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

எண் புரளும் மணிக்கூட்டை முன்னே தள்ளலாம்; பின்னே திருப்பக் கூடாது. திருப்பினால் இதழ்கள் மடிந்து சிக்கிக்கொள்ளும். அரை மணித்தியாலம் பின்னே போக வேண்டுமென்றால் இருபத்து மூன்றரை மணித்தியாலம் முன்னே சுற்ற வேண்டும். என் உம்மா போன்றவர்கள் அதைவிட இலகுவான வழியைக் கண்டுபிடித்தார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப மாட்டினார்கள். வேலை முடிந்தது!

கரண்ட் போனால் இந்த மணிக்கூடு நின்ற இடத்திலேயே நிற்கும். வந்ததும் ஒன்றும் நடக்காதது போல அங்கிருந்தே ஓடத் தொடங்கும். பிறகு வந்த ஒளி எண் மணிக்கூடுகள் 12.00 என்று கண் சிமிட்டி, நான் தடுமாறிவிட்டேன் என்று காட்டிக்கொடுக்கும். இது அப்படிச் சொல்லாது. வீட்டிலிருப்பவர்தான் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது இத்தகைய மணிக்கூடு ஒன்று வீட்டில் இருந்திருந்தால் அரை நாளுக்கு மேல் பிந்தியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எங்கள் கல்முனைக்குடிக் கடற்கரையை அழித்தபோது, வெளிநாட்டு உழைப்பில் சேர்த்த சாமான்கள் வீடுகளோடு கடலுக்குப் போயின. கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் அந்தத் தலைமுறையின் பொருட்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவை எல்லாம் பெரும்பாலும் பிரதான வீதிக்கு மேற்கேயுள்ள வீடுகளில்தான் இருக்கின்றன. எடைக்குப் போடும்முன் ஒருகணம் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யாருடைய நேரம்?

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ஸன் 1967இல் நேரத்தையும் தொழிலாளரையும் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தொழிற்சாலை வந்த பிறகு மனிதனின் உழைப்பு மணிக்கூட்டால் அளக்கப்பட்டு விலை பெற்றதை அதில் விளக்குகிறார். வீட்டில் பிள்ளை வளர்க்கும் பெண்ணின் வேலை அந்த அளவுகோலுக்குள் அடங்காமல் நின்றதையும் தொட்டுக்காட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது எனக்கு அது இங்கிலாந்தின் கதையாகவே தோன்றியது. மாமியின் மணிக்கூட்டைப் பார்த்த பின்னர் அது நம் ஊர்க் கதையும்தான் என்று விளங்கியது.

கணவரின் உழைப்புக்குச் சவூதியில் மணித்தியாலக் கணக்கு இருந்தது. மாதச் சம்பளமும் இருந்தது. அவர் அனுப்பிய பணத்துக்கு வங்கியில் பற்றுச்சீட்டு உண்டு. கஸட்டில் பேசி அனுப்பிய கடிதத்தில் ‘மணிக்கூடு ஓடுதா?’ என்று கேட்டிருப்பார். அதை ஓடவைப்பதற்கு ஒருத்தி ஒரு நாளைக்கு ஐந்து தடவை எழும்பி வந்த கணக்கு எந்தச் சீட்டிலும் இல்லை. மணிக்கூட்டை வாங்கித் தந்தவரை வீடே நினைவு வைத்திருக்கிறது. நேரத்தைத் தந்தவரை யாரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் நம் பெண்களே பணிப்பெண்களாகக் கடல் கடந்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குச் சென்ற இலங்கையரில் பெரும்பான்மையோர் பெண்கள்தான். அப்போது வீட்டு நேரத்தைச் சரிபார்க்கும் வேலை பெண்பிள்ளையிடமோ உம்மம்மாவிடமோ கைமாறியது.

மனிதர்கள் தம் நேரத்தை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று நாடு தழுவிய முதலாவது ஆய்வைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிக நேரம் கொடுக்கிறார்கள் என்பதை அது எண்களில் காட்டியது. நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் எழுத்தில் வந்தால்தான் பேச முடியும்.

வீட்டில் இருந்தால்…

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியின் மேலோ பரணிலோ இப்படியொன்று இருந்தால் உடனே பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் பாருங்கள். சவூதியில் வீடுகளுக்குப் பொதுவாக 127 வோல்ட் மின்சாரம்தான் வந்தது, நமக்கு 230. வோல்ட்டை மாற்றும் விசை 110 என்ற பக்கத்தில் இருக்க, நம் மின்சாரத்தில் மாட்டினால் புகை கிளம்பும். பல வருடம் சும்மா கிடந்ததென்றால் வயரும் உட்பாகங்களும் இற்றுப்போயிருக்கும். தெரிந்த திருத்துபவரிடம் காட்டிய பிறகே ஓடவிடுங்கள்.

இதழ்கள் சிக்கினால் மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். தேங்காயெண்ணெய் விடவே கூடாது. அது காய்ந்து பசையாகிவிடும். நம் கடற்காற்றின் உப்பு உலோகத்தைத் தின்னும், சன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பெட்டியானால் எப்.எம். 76 முதல் 90 வரைதான் பிடிக்கும். நம் நிலையங்களில் பல அதற்கு மேலே இருப்பதால் கேட்காது. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அது யாருடைய கையில் இருந்தது, யார் அதைத் திருத்தினார், எப்படிக் கணக்குப் பார்த்தார் என்று உங்கள் உம்மாவிடம், உம்மம்மாவிடம், மாமியிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைப் பிள்ளையின் கொப்பியில் ஒரு பக்கம் எழுதி, திகதி போட்டு வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைபேசியில் பதிந்து வையுங்கள். சீதன உறுதியோடு வீட்டைக் கொடுக்கிறோம். அந்த வீட்டை ஓட வைத்தவர்களின் கணக்கையும் சேர்த்தே கொடுப்போம்.